மீன் மச்சமில்லை

கிரிகோரி குசினிக்குள் வந்தது தேத்தண்ணி போட. என் நிம்மதியைக் கெடுக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டையும் முடித்துக்கொண்டு போய்விட்டார்.

காலை பத்து மணி இருக்கும். எங்கள் நகரத்து யூத சமூக இல்லத்தின் குசினியில் பெரிய சட்டி நிறைய மீன் வெந்துகொண்டிருந்தது. மேலே கிரீம் விட்டு, சதகுப்பை இலையை நறுக்கித் தூவியிருந்தேன். யன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. வாசலில் எப்போதும் நிற்கும் பொலிஸ் வாகனம் அதனூடாக மங்கலாகத் தெரிந்தது. மதியம் ஒரு மணிக்கு விருந்து.

கிரிகோரி உக்ரேனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ட்ராம் எஞ்சினியர். தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார், ஜாம் போடுவார். ஜாமைக் கலக்கிக்கொண்டே சட்டிப்பக்கம் மூக்கை நீட்டினார்.

"இண்டைக்குப் பால் சாப்பாடோ?"

"ஓம். கிரீம் விட்ட மீன். பிறகு பால்கட்டி வைச்ச அப்பம்."

"நல்லது. மீனாலை ஒரு கரைச்சலும் இல்லை. அது இறைச்சியுமில்லை, பாலுமில்லை. வெள்ளரிக்காய் மாதிரி."

"எது வெள்ளரிக்காய் மாதிரி?"

"மீன்தான்," என்றுவிட்டு அவர் கோப்பையோடு செஸ் விளையாடப் போனார்.

நான் சட்டியைப் பார்த்தேன். பிடியில் சிவப்புப் பட்டி இருந்தது. அந்தக் குசினியில் சிவப்பு என்றால் இறைச்சி, நீலம் என்றால் பால். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குசினியே கட்டப்பட்டது. நான் இறைச்சிச் சட்டிக்குள் இரண்டு லீட்டர் கிரீமை ஊற்றி அரை மணி நேரமாகக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விளக்கம். அங்கே நாங்கள் பேசுவது ஜேர்மன் மொழி. கிரிகோரியின் ஜேர்மன் ஒரு காலால் நொண்டும், என்னுடையது மற்றக் காலால் நொண்டும். அதை யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு தமிழில் எழுதினால் நாங்கள் படித்த ஆட்கள் மாதிரித் தெரியும்.

மாமனாரின் பெயர்

அந்த இல்லத்தில் என்னை ஃபிராவ் கந்தசாமி, அதாவது திருமதி கந்தசாமி, என்று கூப்பிடுவார்கள். கந்தசாமி என் மாமனார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை என் வாயால் சொன்னதில்லை, கந்தசாமி கோயிலைக்கூட "அந்தக் கோயில்" என்றுதான் சொல்வேன். இந்த நாட்டுக்கு வந்ததும் ஒரு அலுவலர் பத்திரத்தில் அதை எனக்குக் குடும்பப் பெயராக எழுதினார். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, கிழக்கிலிருந்து மேற்குக்குக் கடந்த கதையை இந்த இதழில் முன்பே எழுதிவிட்டேன். பிறகு எங்களை இந்த நகரத்து அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இங்கேயிருக்கும் தமிழ்ச் சனம் முழுக்க ஃபோன் எடுத்து, ஏன் தங்களைப் பற்றி எழுதவில்லை என்று கேட்கும்.

முகாமிலிருந்து வெளியே வீடு கிடைத்ததும் எனக்கு முதல் வேலை அதே முகாமைக் கூட்டித் துடைப்பது. பெர்லின் மதில் விழுந்து சில வருடங்களுக்குப் பிறகு, நாங்கள் இருந்த அறைகளுக்குச் சோவியத் பக்கத்து யூதர்கள் வந்தார்கள். அப்படி வந்தவள்தான் லூட்மிலா. பியானோ சொல்லிக் கொடுத்தவள். முகாமில் பியானோ இல்லாதபடியால் முதல் வருடம் முழுக்க மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்து அவளும் ஏற்றுக்கொண்டாள். பிற்காலத்தில் அவள் யூத சமூகத்தின் தலைவியானதும் எனக்கு அங்கே துப்புரவு வேலை வாங்கித் தந்தாள். அவளுக்கு முழங்கால் சத்திர சிகிச்சை நடந்த பிறகு குசினிப் பொறுப்பும் என் தலையில் வந்தது.

வாகனத் தரிப்பிடம்

யூதர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் என்று நான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். லூட்மிலாவோடு வந்தவர்கள் என்றால் எனக்குப் பிறகு வந்தவர்கள் தானே. அந்தக் கணக்கில் நான் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியும் இருக்கிறேன்.

சந்தைக்குப் பின்னால் ஒரு வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. என் கணவர் சனிக்கிழமைகளில் அங்கேதான் காரை விடுவார். அதில் சீட்டு எடுக்கும் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை. சீட்டு எடுத்துக்கொண்டு நிற்கும்போது ஒருநாள் அதைப் படித்தேன். அங்கே முன்பு அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்திருக்கிறது.

நாசிகள் அதை எரித்த இரவு தீயணைப்புப் படை வந்ததாம். வந்து, பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தண்ணீர் அடித்ததாம். இதை லூட்மிலா எனக்குச் சொன்னபோது மொழிபெயர்ப்பில் ஏதோ பிழை என்று நினைத்தேன். இரண்டு முறை திரும்பக் கேட்டேன். பிழை இருக்கவில்லை.

நூற்றாண்டுக் கணக்கில் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். மாட்டு வியாபாரிகள், பொத்தான் செய்தவர்கள், ஒரு கண் வைத்தியர். போர் முடிந்தபோது எஞ்சி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் கூடித் தொழுதார்கள். பிறகு அவர்களும் முதுமையில் ஒவ்வொருவராகக் குறைந்து, மயானத்தின் திறப்பு நகரசபைத் தோட்டப் பிரிவில் ஒரு ஆணியில் தொங்கியது.

அதன் பிறகுதான் லூட்மிலாவின் ஆட்கள் வந்தார்கள். தொழத் தெரிந்த யூதர்கள் வருவார்கள் என்று ஊர் எதிர்பார்த்தது. வந்தவர்களுக்குக் கணிதம் தெரிந்தது, செஸ் தெரிந்தது, வயலின் தெரிந்தது. தொழுகை அவர்களுடைய நாட்டில் தடைப்பட்டுப் போயிருந்தது. எங்கள் பிள்ளைகளைச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவது போல, இவர்கள் எழுபது வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எபிரேய எழுத்துப் படித்தார்கள்.

பழைய காப்புறுதி அலுவலகம் ஒன்றை நகரசபை அவர்களுக்குக் கொடுத்தது. வாசலில் இரண்டு கதவு. முதல் கதவு திறந்து மூடிய பிறகுதான் இரண்டாவது திறக்கும். நடுவில் நிற்பவரைக் கமரா பார்க்கும். இந்தக் காலத்திலும் அது தேவைப்படுகிறது. முதல் கதவின் சத்தம் குசினிவரை கேட்கும், யாரோ வருகிறார்கள் என்று தேத்தண்ணிக்கு வெந்நீர் வைத்துவிடுவேன்.

பசிக்காத ஊர்

அன்றைய விருந்து ஹன்னா அம்மையாருக்கு. அவருக்கு வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. இந்த ஊரின் மில் வீதியில் பிறந்தவர். தகப்பன் பொத்தான் கடை வைத்திருந்தார். ஆறு வயதில் அவரைப் பிள்ளைகளுக்கான ரயிலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஏற்றிவிட்ட தாயும் தகப்பனும் பிறகு வேறு ரயிலில் போனார்கள்.

ஹன்னா பின்னாளில் இஸ்ரேலின் ஹைஃபாவில் குடியேறினார். நகரசபை அவரை நான்கு முறை அழைத்திருந்தது. நான்கு முறையும் வந்தார். பள்ளிக்கூடங்களில் பேசினார், மில் வீதியில் நின்று படம் எடுக்க விட்டார், மேயரோடு கை குலுக்கினார். ஆனால் இந்த ஊரில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. விருந்து மேசையில் தண்ணீர்க் கிளாசை மட்டும் முன்னே வைத்துக்கொண்டு இருப்பார்.

அவர் தங்கும் ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவள் நமது வசந்தி. குப்பைக் கூடையில் சார்டின் தகரப் பேணியும் பிஸ்கற் பொதியும்தான் இருக்கும், எல்லாம் ஹைஃபாவிலிருந்து கொண்டுவருவது என்று வசந்தி சொன்னாள். தமிழர்கள் துப்புரவு செய்யும் நகரத்தில் இரகசியம் தங்குவது கஷ்டம்.

லூட்மிலா ஒருமுறை அவரிடமே கேட்டிருக்கிறாள். சமய விதிப்படி சமைத்த சாப்பாடு இல்லை என்பதாலா என்று. அதுவும்தான் என்று ஹன்னா சொன்னாராம். பிறகு இதையும் சொன்னாராம்:

"இந்த ஊரிலை எனக்குப் பசிக்கிறேல்லை."

அன்றிலிருந்து லூட்மிலாவுக்கு ஒரே பிடிவாதம். குசினி ஒன்று வேண்டும், ரபி வந்து பார்த்துச் சரி என்று சொல்லும் குசினி. ரபி என்றால் அவர்களுடைய மதகுரு. ஹனோவர்ப் பக்கத்திலிருந்து மாதம் இரண்டு முறை வருபவர். எத்தனை அன்ட்ராக் என்று விண்ணப்பம் எழுதினாள், எத்தனை அலுவலகத்தில் தெர்மீன் என்று நேரம் குறித்து எடுத்தாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது. குசினி கட்டி முடிந்தது, நிறப் பட்டிகள் ஒட்டியாயிற்று. ஹன்னா ஐந்தாவது முறை வருகிறார். இனி ஒரு முறை வருவாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

மச்சச் சட்டி

பிழை எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். என் மூளையில் கோளாறு இல்லை. அதில் யாழ்ப்பாணம் இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் மச்சம் என்றால் கன்னத்துப் புள்ளி மட்டுமல்ல. மீன், இறைச்சி, முட்டை எல்லாம் மச்சம். மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மச்ச அகப்பை குசினிக்கு வெளியே கூரைத் தீராந்தியில் செருகியிருக்கும். வெள்ளிக்கிழமையில் அதைத் தொட்டால் அம்மா தலையில் தண்ணீர் வார்க்காமல் உள்ளே விடமாட்டா.

ஆகவே லூட்மிலா முதல் நாள் சிவப்பு, நீலம், பச்சை என்று காட்டியபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மற்ற நாட்டுப் பெண்களுக்கு இதை விளங்கவைக்க மூன்று நாள் எடுக்குமாம். நான் மூன்று நிமிடத்தில் தலையாட்டினேன். சிவப்பு மச்சம். நீலம் பால். பச்சை இரண்டுமில்லாதது, அதாவது மரக்கறி. லூட்மிலா எல்லாரிடமும் என்னைப் புகழ்ந்தாள்.

மீன் பச்சைக்குள் வரும் என்று எந்த யாழ்ப்பாணத்தாள் கனவு காண்பாள்? மச்சம் என்ற சொல்லுக்கே மீன் என்றுதான் பொருள். அதுவரை அங்கே மீன் போத்தலில் வந்தது, போத்தலோடு மேசைக்குப் போனது. அன்றுதான் முதன்முதலாகச் சமைத்தேன். மீன் என்றதும் கை தானாகச் சிவப்புக்குப் போனது. அதற்குள் பாலா என்றும் யோசிக்கவில்லை. பால் விடாத மீன்குழம்பு எங்கள் பக்கத்தில் ஏது? தேங்காய்க்குப் பதிலாக மாடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரிகோரி போன பிறகு கணக்குப் பார்த்தேன். சிவப்புச் சட்டியில் கிரீம். அதைக் கிண்டியது கைக்கு எட்டிய பச்சை அகப்பை. பால் விருந்து என்றபடியால் பாதி மீனை நீலத் தட்டுகளில் மாற்றி, அப்பத்தோடு போறணை அடுப்புக்குள் சூடாக வைத்திருந்தேன். கழுவியது எல்லாம் ஒரே சுடுதண்ணீரில். ஒரு காலைப்பொழுதில் மூன்று நிறத்தையும் ஒன்றாக்கியிருந்தேன்.

யாரும் பார்க்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றால் மீனைக் கிரீமில் மறைக்க முடியாதா? நான் நல்லவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த எண்ணம் எனக்கு வந்தது. பத்து நிமிடம் இருந்தது. பிறகு சின்னம்மா நினைவுக்கு வந்தா.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கலியாணம் முடித்துப் பல வருடம் பிள்ளையில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் நேர்த்தி வைத்து, பகலில் ஒரு நேரம் மட்டும் எங்கள் வீட்டில் சாப்பிடுவா. ஐந்தாம் நாள் பருப்பைக் கிண்டியது நான். பன்னிரண்டு வயது. கையில் கிடைத்த அகப்பையால் கிண்டினேன். அது தீராந்தியில் செருகியிருந்த அகப்பை.

சின்னம்மா கையைக் கழுவிக்கொண்டு எழும்பும்போதுதான் அம்மா அகப்பையைக் கண்டா. என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், "தெரியாமல் திண்டால் பாவமில்லை, வாயைத் திறவாதை," என்றா. நான் திறக்கவில்லை. சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அகப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவ என்னை நம்பிக் கை நீட்டிச் சோறு வாங்கியது மட்டும் இன்றும் எனக்குப் பொறுக்காது.

சின்னம்மா இப்போது டொரண்டோவில். எண்பத்திரண்டு வயதிலும் இந்த வார இதழை விடாமல் படிக்கிறா. இதுவரை அவவிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன், சின்னம்மா.

நீல மீன்

லூட்மிலா மண்டபத்தில், ஊன்றுகோலால் கதிரைகளை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பிழை நடந்து போச்சு."

"கிரீம் திரைஞ்சு போச்சோ?"

"இல்லை, கிரீம் நல்லாயிருக்கு. சட்டிதான் பிழை."

குசினிக்கு வந்து சட்டியின் பிடியைப் பார்த்தாள். பச்சை அகப்பையைப் பார்த்தாள். போறணைக் கதவைத் திறந்து நீலத் தட்டுகளைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் இருந்தாள்.

"எல்லாமோ?"

"ஓம். எல்லாம்."

"ஆர் கண்டது?"

"ஒருத்தரும் இல்லை."

மேசையில் அவள் விரல்கள் தட்டத் தொடங்கின. முகாமில் தட்டிய அதே தட்டல்.

"ராணி, நான் சின்னனிலை பண்டிக் கொழுப்பைப் பாணிலை பூசித் திண்டு வளந்தனான். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. சிவப்புச் சட்டியை ஒளிச்சு வைப்பம். நீலத் தட்டிலை இருந்தா அது நீல மீன்தானே."

"ஓம் அக்கா," என்றேன். ஆனால் நகரவில்லை.

"ஏன் நிக்கிறீர்?"

"அவ கேட்டா?"

"கேக்க மாட்டா."

"அதுதான் அக்கா. கேக்க மாட்டா. எங்களை நம்பிச் சாப்பிடுவா."

லூட்மிலா ரஷ்ய மொழியில் ஒரு வசனம் சொன்னாள். பொருள் கேட்கவில்லை. அதைச் சொல்லி முடித்ததும் ரபிக்கு ஃபோன் எடுத்தாள். எடுக்கும்போது அவளுடைய கண் கலங்கியிருந்தது. அதற்குக் காரணம் நான் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி வரைக்கும்

ரபி ரயிலில் வந்துகொண்டிருந்தார். லூட்மிலா ஃபோனைச் சத்தமாக்கி மேசையில் வைத்தாள். அவர் கேட்டதெல்லாம் நறுக்கென்ற சின்னக் கேள்விகள். சட்டி சூடாக இருந்ததா? அகப்பையும் சூட்டோடா? போறணையிலும் வைத்தீர்களா? எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

"இண்டைக்கு அந்தக் குசினியிலை ஒரு பாத்திரமும் ஏலாது," என்றார். "கடதாசித் தட்டும் பழங்களும் வாங்குங்கோ."

"சூடா ஒண்டும் ஏலாதோ?" லூட்மிலா கேட்டாள். "அவ இதுக்குத்தானே வாறா."

"புதுச் சட்டி வேணும். உலோகச் சட்டி எண்டா அதை முதல் ஆத்துத் தண்ணியிலை முக்கி எடுக்க வேணும், அதுக்கு நேரமில்லை. மெருகு பூசாத மண் பானை எண்டா முக்கத் தேவையில்லை. ஆனா இந்தக் காலத்திலை புது மண் பானை ஆரிட்டை இருக்கு?"

"என்னட்டை இருக்கு," என்றேன்.

"அப்ப அது வரட்டும், நான் வந்து பாக்கிறன்," என்றார் ரபி.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் நான் தமிழ்க் கடையில் இரண்டு பானை வாங்குவேன். பல்கனியில் வைத்துப் பொங்கும்போது இந்த நாட்டுக் குளிருக்கு ஒன்று வெடித்தால் மற்றது உதவும். அந்த வருடம் வெடிக்கவில்லை. மற்றது பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே இருந்தது. பேக்கரியில் அதிகாலை வேலை முடித்து வந்து வீட்டில் படுத்திருந்த கணவரை ஃபோன் எடுத்து எழுப்பினேன்.

"இஞ்சேருங்கோ, கட்டிலுக்குக் கீழை பானை கிடக்கு. கெதியாக் கொண்டு வாங்கோ."

"பொங்கல் பானையோ?"

"ஓம்."

"வைகாசி மாசத்திலை ஆருக்குப் பொங்கல்?"

"யூத ஆக்களுக்கு."

"அவையள் எப்ப துவங்கினவை?"

காரின் முன் இருக்கையில் வைத்து, சீற் பெல்ற் போட்டுக் கொண்டுவந்தார். வாசலில் பொலிஸ்காரர் நிறுத்தி, பேப்பரைப் பிரித்து, பானைக்குள் எட்டிப் பார்த்து, திரும்பச் சுற்றிக் கொடுத்தார்.

ரபிக்கு முப்பது வயதுதான் இருக்கும். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பானையைத் தலைகீழாகப் பிடித்து, விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார்.

"இதிலை ஒண்டும் சமைக்கேல்லையே?"

"இல்லை."

"இது என்னத்துக்கு வாங்கினது?"

இங்கேயும் பொய் சொல்லலாம். ஆனால் அன்றைக்கு உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன், நடுவில் நிறுத்துவது கஷ்டம்.

"ஜனவரியிலை சூரியனுக்குப் பொங்கிப் படைக்க."

அவர் பானையைப் பார்த்தார். யன்னலூடாக வெளியே பார்த்தார். அன்று சூரியன் இருக்கவில்லை, முகில்.

"படைக்கேல்லைத்தானே. ஜனவரி வரைக்கும் இது வெறும் பானை," என்றார்.

காஸ் அடுப்பின் கம்பிச் சட்டத்தை அவர் சிவக்கும்வரை எரித்தார். நெருப்பையும் அவரே மூட்டினார், அது அவர்களுடைய விதி. புதிய உப்புப் பொதியைப் பிரித்தேன். கத்தி தேவைப்படாதபடி உருளைக்கிழங்கைத் தோலோடு, ஆளுக்கு ஒன்றாக எண்ணிப் போட்டேன். கடைசிக் கிழங்கு பானையின் கழுத்தில் நின்றது. முதிய ஆட்களின் இரத்த அழுத்தத்தை நினைத்து உப்பைக் குறைத்தே போட்டேன்.

அவியும்வரை

கிழங்கு அவிய அரை மணி நேரம் வேண்டும். அதற்குள் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. மேயரும் ஹன்னாவும் பக்கத்தில் பக்கத்தில். யூத சமூகம் தன் பழைமையான வழக்கப்படி, மண் பானையில் அவித்த கிழங்கை விருந்தினருக்குப் பரிமாறியது என்று எழுதியிருந்தார்கள். வரலாற்று ஆர்வலர் ஒருவர் அந்த வழக்கத்தைப் பற்றி மேலும் அறிய விரும்பிக் கடிதமும் போட்டார். லூட்மிலா இன்னும் பதில் எழுதவில்லை. படத்தில் மேயரின் தட்டு வெறுமையாக இருந்ததன் காரணத்தைப் பத்திரிகை சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

ரபி இரண்டு பேரோடு திரும்ப வந்து இரண்டு நாள் நின்றார். போறணையைத் தீயால் சுட்டார்கள். கரண்டி முதல் சட்டிவரை எல்லாவற்றையும் கொதிநீரில் முக்கினார்கள். பீங்கான் தட்டுகளைக் காப்பாற்ற முடியவில்லை. நான் வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். லூட்மிலா ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அதற்கு முதல் இதை எழுதும் என்றாள்.

மேலே ஜேர்மனிலும் ரஷ்ய மொழியிலும் அவள் ஏற்கனவே எழுதியிருந்தாள், மீன் இறைச்சி அல்ல என்று. கீழே என் மொழியில் நான் எழுதவேண்டும். இறைச்சி என்று எழுதினால் எனக்கு உறைக்காது. ஆகவே எனக்கு உறைக்கும்படி எழுதினேன்: மீன் மச்சமில்லை. நேராகப் பொருள் கொண்டால் மீன் மீனில்லை. அம்மா பார்த்தால் என்னைத் திரும்பவும் முதலாம் வகுப்புக்கு அனுப்பியிருப்பா.

அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இன்றும் ஒட்டியிருக்கிறது. என் மகளோடு எர்லாங்கனில் வேலை செய்யும் சென்னைப் பிள்ளை ஒருவர் இல்லத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது அதைக் கண்டு நின்றார். "ஆன்ட்டி, இது ஏதாவது ப்ராவெர்பா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பானையை நான் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த தையில் எங்கள் பல்கனிப் பானை வெடித்தது. அந்த முறை கடையில் ஒன்றுதான் கிடைத்தது, மாற்றுப் பானை இருக்கவில்லை. ஈயச் சட்டியில் பொங்கினோம்.

ஆளுக்கு ஒன்று

ஹன்னா ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட்டு. மேசையில் இருந்ததும் கைப்பையைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். வசந்தி சொன்னது சரி. பைக்குள் பேணியின் விளிம்பு துணியைத் தள்ளிக்கொண்டு தெரிந்தது.

மேயர் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வருவார் என்று செய்தி வந்தது. மற்ற எல்லாரும் வந்துவிட்டார்கள். ஹன்னாவிடம் தான் சொல்வதாக ரபி சொன்னார். பிழை என்னுடையது, நானே சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். சிவப்பு, நீலம், பச்சை, மீன், கிரீம் எல்லாம். ஹன்னா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ செய்ததை ஆராவது கண்டவையோ?"

"இல்லை."

"நீ இந்த ஊரோ?"

"முப்பது வருசத்துக்கு மேலை."

"நான் ஆறு வருசம்," என்றார்.

அவருடைய ஜேர்மன் ஆறு வயதில் இங்கிருந்து போன ஜேர்மன். அதன் பிறகு வளரவில்லை. ஸீ என்ற மரியாதைச் சொல் அதில் இல்லை. மேயரையும் ரபியையும் என்னையும் ஒரேமாதிரி நீ என்றுதான் சொல்வார். பழைய ஊர்ச் சத்தத்தோடு, குழந்தை பேசுவது போல இருக்கும்.

பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். அடுப்பில் இருந்தபோது ஒரு தடவை டிக் என்று சத்தம் கேட்டு என் உயிர் போய் வந்தது, ஆனால் பானை தாங்கிவிட்டது. ஒவ்வொரு கடதாசித் தட்டிலும் ஒரு கிழங்கு வைத்தேன். மேயருடையதை மட்டும் ஆறாமல் இருக்கப் பானையிலேயே விட்டேன்.

ஒருவரும் சாப்பிடத் தொடங்கவில்லை. கிரிகோரி கிழங்கைப் பார்த்தார், ரபி தன் கையைப் பார்த்தார். லூட்மிலாவின் விரல்கள் மேசையின் கீழே தட்டிக்கொண்டிருந்தன. எல்லாரும் ஹன்னாவைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தார்கள். நான் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதன் சூடு சட்டையூடாகச் சுட்டது.

ஹன்னா தண்ணீர்க் கிளாசைத் தள்ளி வைத்தார். மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில், கதிரைக் காலோடு சாய்த்து வைத்தார். விரல் நுனியால் கிழங்கின் தோலைக் கீலம் கீலமாக உரித்தார். அதற்கு நீண்ட நேரம் எடுத்தது. இரண்டாகப் பிட்டு, ஆவி போக ஊதி, ஒரு துண்டை வாயில் போட்டார்.

மென்றார். விழுங்கினார். பிறகு முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தார்.

"உப்புக் காணாது," என்றார்.

உப்புப் பொதியை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாராளமாகத் தூவினார். இரத்த அழுத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. முதல் பாதியை முடித்தார், மறுபாதியையும் முடித்தார். தட்டில் விழுந்திருந்த துகள்களை விரலால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார். லூட்மிலா எழுந்து, ஊன்றுகோலையும் எடுக்காமல் யன்னல் பக்கம் போய் நின்றாள்.

"இன்னும் கிடக்கோ?" ஹன்னா கேட்டார்.

பானைக்குள் ஒன்று கிடந்தது.

வாசலில் முதல் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மேயர். இரண்டாவது கதவு திறப்பதற்குள் அந்தக் கிழங்கை எடுத்து ஹன்னாவின் தட்டில் வைத்துவிட்டேன்.